கேலிக் இடப்பெயர் சேகரிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு

ஸ்காட்லாந்தின் பழைய வரைபடங்களிலிருந்து, அந்நாட்டின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக்கில் அமைந்த இடப்பெயர்களைத் தொகுக்கிறீர்களா? பொருள் எழுத அவசரப்படாதீர்கள். முதலில் வரைபடத்தில் இருக்கும் எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல், வரைபடத்தின் ஆண்டோடு குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த ஊரில் வளர்ந்த பெரியவர் ஒருவரைச் சொல்லச் சொல்லி, கைபேசியில் பதிவு செய்யுங்கள். அழுத்தம் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். மலை, ஓடை, கழிமுகம் போன்ற பொதுச்சொல்லில் பெரும்பாலும் விழாது. அதைத் தனித்துக் காட்டும் சொல்லில்தான் விழும். இன்வர்னெஸ் என்ற ஊர்ப்பெயரில் அழுத்தம் ‘னெஸ்’ மேல். ‘இன்வர்’ கழிமுகம், நெஸ் ஆற்றின் பெயர். பெயரை எங்கே பிரிக்க வேண்டும் என்று காதே சொல்லிவிடும்.

அடுத்தது, பிரிட்டனின் அரசு நில வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 19ஆம் நூற்றாண்டுப் பெயர்ப் புத்தகங்கள். ஒரே இடத்துக்கு வழங்கிய வெவ்வேறு எழுத்துக்கூட்டல்கள், அதைச் சொன்னவர் யார், இடத்தின் விவரம் எல்லாம் தனித்தனிப் பத்திகளில் இருக்கும். சொன்னவர் பத்தியைக் கட்டாயம் பாருங்கள். ஆடு மேய்ப்பவரின் சொல்லும் கேலிக் தெரியாத நிலக்கிழாரின் சொல்லும் ஒன்றல்ல.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் ‘போஸ்ட்’ (-bost) என்று முடியும் பெயர்களுக்குக் கேலிக் பொருள் தேட வேண்டாம். அந்த முடிவு பண்ணையைக் குறிக்கும் பழைய நார்ஸ் சொல், அதாவது வைக்கிங்குகளின் மொழிச் சொல். பொருள் உறுதியாகத் தெரியாத பெயருக்கு, உங்கள் பட்டியலில் பொருள் எழுதும் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள்.