தளம் உக்கிய ஃபைபர் படகைத் திருத்துவது எப்படி?

திருகோணமலையில் திருக்கடலூரிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வரை கரையோரமாகப் போனால், அடம்பன் கொடி படர்ந்த மணலில் கைவிடப்பட்ட ஃபைபர் படகுகளைக் காணலாம். அவற்றில் பலவற்றின் உடல் இன்னும் உறுதியாகவே இருக்கிறது. கண்ணாடியிழை உக்குவதில்லை, அதற்குள் மூடிவைத்த பிளைவுட்தான் உக்குகிறது. நல்ல உடலுள்ள ஒரு படகை வெயிலுக்கும் மழைக்கும் விட்டுவிடுவது எனக்குத் தாங்க முடியாத வீண்விரயமாகத் தெரிகிறது. அதனால்தான் முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். மரத்தை உக்கவைக்கும் பூஞ்சை நன்னீரில் செழிக்கும். உப்பு அதைத் தடுக்கும். ஆகவே கடலில் ஓடும் மாதங்களைவிட, வாடைக்காலத்தில் கரையேற்றி மூடாமல் விட்ட மாதங்களே படகைக் கெடுக்கின்றன. மழைநீர் திருகாணித் துளைகள் வழியே இறங்கிப் பலகையில் தங்கிவிடுகிறது. அந்த வழியை அடைக்காமல் உக்கலின் மேல் புதிய மட் (கண்ணாடியிழை விரிப்பு) ஒட்டினால், அது திருத்தமாகாது. உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்.

உக்கலின் எல்லையைக் கண்டுபிடித்தல்

சிறிய சுத்தியலால் தளம் முழுவதும் தட்டுங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். உக்கிய இடம் மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடங்களில் உட்புறமிருந்து மட்டும் சிறு துளை போட்டு, வரும் துருவலைப் பாருங்கள். வெளிறி உலர்ந்திருந்தால் நல்லது. கறுத்து ஈரமாக வந்தால் அங்கே வெட்டவேண்டும். இயந்திரம் பூட்டும் பின்பலகையையும் விடாதீர்கள். இயந்திரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கும்போது பின்பலகையும் சேர்ந்து வளைந்தால், தளத்துக்கு முன் அதைத் திருத்தவேண்டும்.

காலமும் இடமும்

வாடை ஓய்ந்து வெயில் நிலைத்த பிறகு தொடங்குங்கள். தென்னோலைக் கொட்டிலோ தரப்பாள் நிழலோ இருந்தால் போதும். ஆனால் படகை மட்டமாக நிறுத்துவதில் அவசரப்படவேண்டாம். அடிக்கட்டையின் நீளம் முழுவதும் தாங்குகோல் கொடுத்து, இரு பக்கமும் மணல் மூட்டைகளாலும் பழைய டயர்களாலும் அணையுங்கள். தளத்தை எடுத்தபின் படகின் உடல் இளகிவிடும். கோணலாக நின்றால் அந்தக் கோணலோடுதான் புதிய தளம் இறுகும். பிறகு படகு நேராக ஓடாது. வெட்டுவதற்கு முன் பக்கத்துக்குப் பக்கம் அகலத்தை மூன்று, நான்கு இடங்களில் அளந்து எழுதிவையுங்கள்.

வெட்டி எடுத்து உலர்த்துதல்

கிரைண்டரால் வெட்டும்போது ஓரத்தில் சுற்றிவர 5 சென்ரிமீற்றர் விளிம்பை விட்டுவிடுங்கள். புதிய பலகை அதில் பொருந்தும். வெட்டுத்தட்டின் ஆழம் தளத்தின் கனத்தைத் தாண்டக்கூடாது, அடியில் படகின் உடல் இருக்கிறது. கண்ணாடியிழைத் தூசி நுரையீரலுக்கும் கண்ணுக்கும் கெடுதி. முகத்தில் துணி கட்டுவது போதாது. தூசி வடிகட்டும் முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் வேண்டும்.

உக்கிய மரம், நீர் ஊறிய நுரை எல்லாவற்றையும் கிளறி எடுங்கள். நல்ல மரம் தெரியும் இடத்திலிருந்து இன்னும் ஒரு சாண் தள்ளிவெட்டுவது நல்லது. பின்னர் நன்னீரால் உப்பைக் கழுவி, காயவிடுங்கள். கச்சான் காற்று வீசும் நாட்கள் இதற்கு உகந்தவை. காய்ந்துவிட்டதா என்று அறிய, தெளிவான பொலித்தீன் துண்டொன்றின் நான்கு ஓரங்களையும் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் அடியில் நீர்த்துளி இருந்தால் இன்னும் பொறுக்கவேண்டும். இந்த வேலையில் பொறுமைக்கு நிகரான கருவி இல்லை.

ரெசின்: கவனமாக வாசிக்கவேண்டிய பகுதி

ரெசின் என்பது கண்ணாடியிழையை ஊறவைத்து இறுக்கும் பிசின். நம் படகுகள் பெரும்பாலும் பொலியெஸ்டர் ரெசினில் செய்தவை. திருத்தத்துக்கும் அதுவே மலிவு. மரத்தைப் பற்றிப்பிடிப்பதில் எப்பொக்சி என்ற இன்னொரு வகை ரெசின் மேலானது. பின்பலகைக்கு மட்டும் அதற்குச் செலவழிக்கலாம் என்பேன். ஆனால் எப்பொக்சியின் மேல் பொலியெஸ்டர் சரியாக ஒட்டாது என்பதை மனதில் வையுங்கள்.

ஹார்டனரை (பொலியெஸ்டர் ரெசினை இறுகவைக்கும் திரவம்) ஒரு கிலோ ரெசினுக்கு 10 மில்லிலீற்றர், அதாவது ஏறக்குறைய 1 சதவீதம், சிரிஞ்சால் அளந்து கலவுங்கள். நம் வெயிலில் அதற்கு மேல் போகத் தேவையில்லை. அதைவிட மிகக் குறைத்தால் முழுமையாக இறுகாது. காலை வேளையில் அரைக் கிலோ அளவில், அகன்ற தட்டில் கலக்குங்கள். ஆழமான வாளியில் மொத்தமாகக் கலந்தால் சூடேறிப் புகைந்துவிடும். மிஞ்சியதை மணலில் பரப்பி ஆறவிடுங்கள்.

இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் திரவத்தைத் தனியாக வாங்கியிருந்தால் அதை முதலில் ரெசினில் கலந்து முடித்த பிறகே ஹார்டனரைச் சேர்க்கவேண்டும். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே 15 நிமிடமாவது தண்ணீரில் கழுவி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

புதிய தளம்

காட்போட் மட்டையில் அச்சு வெட்டி, 12 மில்லிமீற்றர் கடற்பிளைவுட்டில் வரைந்து வெட்டுங்கள். வாங்கும் பலகையில் ஐயமிருந்தால் சிறு துண்டொன்றை ஒரு மணி நேரம் கொதிக்கவையுங்கள். அடுக்கு பிரிந்தால் அது படகுக்கு ஆகாது. அடியிலிருக்கும் சட்டங்கள் உக்கியிருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள். மிதப்புக்காக ரெஜிபோம் (பொதி செய்யும் வெள்ளை நுரை) வைக்கவேண்டாம், பொலியெஸ்டர் ரெசின் அதைக் கரைத்துவிடும். நீர் ஊறாத பொலியூரித்தேன் நுரையே ஏற்றது.

பலகையின் அடிப்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் இரண்டு பூச்சு ரெசின் கொடுத்து இறுகவிடுங்கள். ஓரத்தில்தான் நீர் அதிகம் உறிஞ்சப்படும். ஒட்டவேண்டிய பழைய இழைப் பரப்பை 40 இலக்க உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்து, அசிற்றோனால் துடையுங்கள். கெட்டியாக்கிய ரெசின் பசையைச் சட்டங்கள் மேலும் விளிம்பிலும் பூசி, பலகையை அழுத்தி வையுங்கள். மூலைகளில் பசையை வளைவாக வழித்துவிட்டால்தான் மட் மடங்காமல் படியும்.

மேலே சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள மட் இரண்டு அடுக்கு. பழைய பரப்பின் மேல் 7 சென்ரிமீற்றராவது ஏறவேண்டும். ரெசின் மட்டின் எடையைப்போல் இரண்டரை மடங்கு பிடிக்கும். 2 சதுர மீற்றர் தளத்துக்கு இரண்டு அடுக்கென்றால் ஏறக்குறைய நாலரைக் கிலோ. உருளையால் காற்றுக் குமிழ்களை ஓரம் நோக்கித் தள்ளி வெளியேற்றுங்கள். பலத்த காற்றில் ஒட்டவேண்டாம், மணல் வந்து படியும். கடைசிப் பூச்சில் மெழுகு சேர்த்த ஜெல்கோட் (மேற்பூச்சு ரெசின்) பூசுங்கள். மெழுகு இல்லையென்றால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். ஈரமாக இருக்கும்போதே கழுவிக் காயவைத்த மணலைத் தூவினால் கால் வழுக்காது.

துளைகள்

இனிப் போடும் ஒவ்வொரு திருகாணித் துளையையும் முதலில் பெரிதாகத் துளைத்து, ரெசின் பசையால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் சரியான அளவில் மறுபடியும் துளையுங்கள். அப்போது ஆணி தளர்ந்தாலும் நீர் மரத்தைத் தொடாது. பலர் சோர்ந்துபோய் இதைத்தான் தவிர்க்கிறார்கள். பழைய தளம் போனதும் இதனால்தான்.

பெயின்ட் அடிக்கும்போது பதிவு இலக்கத்தை மறைக்காதீர்கள். ஒரு வாரம் இறுகவிட்டு, தளத்தில் நீர் ஊற்றி அடியில் கசிகிறதா என்று பாருங்கள். பிறகு உட்துறைமுகத்தின் அமைதியான நீரில், இரண்டு பேரோடும் முழு எரிபொருளோடும் மெதுவாக ஓட்டுங்கள். கரைக்கு வந்ததும் ஒட்டிய ஓரங்கள் முழுவதையும் விரலால் தடவி, மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்த பின்பே வெளிக்கடலுக்குக் கொண்டுபோங்கள்.