பேராதனையிலிருந்து மலையகம் முழுக்க பஸ்ஸில்: கெம்பஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முதல் மாதத்தில் பெரிய தலையிடி பாடம் இல்லை, பஸ்தான். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வருபவர்களுக்கு ஊர் புதிது, பாஷையும் புதிது. அட்டன், பதுளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாஷை பிரச்சினை இல்லை, ஆனால் கண்டி பஸ் நிலையங்களின் குழப்பம் அவர்களையும் விடாது. நான் மலையகத்துக்காரன், இந்த வீதிகளில் பஸ்ஸில்தான் வளர்ந்தேன். தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கலஹா சந்தி. கண்டி–கொழும்பு பிரதான வீதியிலிருந்து கலஹா வீதி கெம்பஸுக்குள் திரும்பும் இடம் இது. கண்டியிலிருந்து வரும் பஸ் கெட்டம்பேயைத் தாண்டி இங்கே வரும், அப்புறம் மகாவலிப் பாலம், அதற்கப்பால் பேராதனை நகரம், பூங்கா, ஆஸ்பத்திரி. அங்கேதான் வீதி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பிலிமத்தலாவ, கடுகண்ணாவ வழியாகக் கொழும்புக்கு, மற்றது கம்பளை வழியாக நுவரெலியா, பதுளைப் பக்கம். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்: கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகிற பஸ்ஸும் கம்பளை, நாவலப்பிட்டி, அட்டன் போகிற பஸ்ஸும் உங்கள் வாசலைக் கடந்துதான் போகின்றன. கண்டிக்கு அந்தப் பக்கமாகப் போகிற மாத்தளை, தம்புள்ளை, யாழ்ப்பாணம், திகன, மகியங்கனை பஸ்களுக்கு மட்டும் நீங்கள் கண்டிக்குப் போயே ஆக வேண்டும்.

கண்டிக்குப் போவது சுலபம், சுமார் ஆறு கிலோமீற்றர்தான், கலஹா சந்தியில் கண்டிப் பக்கம் பார்த்து நின்றால் கொஞ்ச நேரத்துக்கொரு பஸ் வரும். கெம்பஸுக்குள்ளே இருந்தே ஏற வேண்டுமென்றால் கலஹா, தெல்தோட்டைப் பக்கமிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸைப் பிடிக்கலாம், அது கலஹா வீதியிலேயே கெம்பஸின் நடுவால் வருகிறது. ஆனால் அது அடிக்கடி வராது, காத்திருக்கும் நேரத்தில் நடந்து சந்திக்கே போய்விடலாம். (ஒரு லீவு நாளில் அதே பஸ்ஸில் எதிர்ப்பக்கம் ஏறி மேலே போய்ப் பாருங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை முதன்முதலாக வணிகப் பயிராக நட்ட லூல்கந்துர தோட்டம் அந்த மலைகளில்தான் இருக்கிறது. நம் பாட்டன் பூட்டன் காலத்துக் கதை அங்கேயும் கிடக்கிறது.)

கண்டியில் இறங்கினால்தான் குழப்பம் ஆரம்பம். அங்கே ஒரே ஒரு பஸ் நிலையம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். மணிக்கூட்டுக் கோபுரத்தடி ஒன்று, டொரிங்டன் ஒன்று, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குட்ஷெட் ஒன்று, போகம்பரைப் பக்கமும் பஸ் நிற்கும். பொதுவாகக் கிட்டிய ஊர்களுக்குப் போவது மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலும் டொரிங்டனிலும், தூரப் பயணம் ரயில் நிலையப் பக்கம். குட்ஷெட்டில் புதிய போக்குவரத்து நிலையம் கட்டுகிற வேலையால் தூரப் பஸ்கள் நிற்கும் இடங்களை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். ஆகவே போன வருடம் போன சீனியர் சொன்ன இடத்தை நம்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அன்றைக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கொண்டக்டரிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் நேரக்கணிப்பாளர் உட்கார்ந்திருக்கும் கூண்டில் கேளுங்கள். அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

இதோடு ஒரு எச்சரிக்கை. கொண்டக்டர்மார் "நுவர, நுவர" என்று கூவினால் அது கண்டி. நுவரெலியா என்று நினைத்து ஏறிவிட்டு எதிர்த்திசையில் போன பிள்ளைகள் ஒவ்வொரு பெச்சிலும் இருக்கிறார்கள். நுவரெலியா என்றால் "நுவரஎலிய" என்று முழுதாகச் சொல்வார்கள். ஏறுவதற்கு முன் சிங்களத்தில் "மேக்க கம்பொல யனவாத?" (இது கம்பளைக்குப் போகுமா?) என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இறங்கும்போது "பஹினவா" என்று சத்தமாகச் சொல்லுங்கள், வாய்க்குள் முணுமுணுத்தால் அடுத்த ஹோல்ட்டில்தான் இறங்குவீர்கள். மலையகத்துப் பஸ்களில் தமிழ் பேசும் கொண்டக்டர்கள் நிறையப் பேர் உண்டு, கம்பளையைத் தாண்டிவிட்டால் தமிழிலேயே கேட்கலாம், வெட்கப்பட வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம், ஊருக்குப் போகும் நாளில் எங்கே ஏறுவது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கலஹா சந்தியில் நின்று பாருங்கள். அட்டன் பஸ் வரும்போதே மிதிபலகையில் ஆள் தொங்கும், முன் கதவுக்கும் பின் கதவுக்கும் பிள்ளைகள் ஓடுவார்கள், கொண்டக்டர் "பின்னால போங்க, பின்னால போங்க" என்று தள்ளிக்கொண்டே விரலிடுக்கில் நோட்டுகளை நீளவாட்டில் மடித்துச் செருகிக்கொண்டிருப்பார். அதில் ஏறினால் கினிகத்தேனை வரைக்கும் நின்றுகொண்டே போகிற நிலைமையும் வரும். அட்டன் என்பது சாதாரணமாக இரண்டரை, மூன்று மணித்தியாலப் பயணம், அதுவும் நாவலப்பிட்டிக்குப் பிறகு வளைவு மேல் வளைவு. பெட்டி படுக்கையோடு அது முடியாத காரியம். என் யோசனை இதுதான்: கம்பளை, நாவலப்பிட்டி மாதிரிக் கிட்டிய இடமென்றால் சந்தியிலேயே ஏறுங்கள், நின்றாலும் பரவாயில்லை. நுவரெலியா, அட்டன், பதுளை என்றால், அல்லது கையில் பெரிய பெட்டி இருந்தால், இருபது நிமிடமோ அரை மணித்தியாலமோ போனால் போகட்டும் என்று கண்டிக்குப் போய், பஸ் புறப்படும் இடத்திலேயே ஆசனம் பிடித்துவிடுங்கள். சந்தியைத் திரும்பக் கடக்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பீர்கள். கொழும்புக்கும் இதே கணக்குத்தான், சுமார் மூன்று, மூன்றரை மணித்தியாலம் நின்றுகொண்டு போகத் தேவையில்லை.

எந்த பஸ்ஸில் ஏறுவது என்பதும் இருக்கிறது. சிவப்பு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ், தனியார் பஸ், சின்ன ரோசா பஸ், குளிரூட்டிய இன்டர்சிட்டி. மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இ.போ.ச.வைத்தான், ஏனென்றால் மாணவர் சீசன் டிக்கெட் அதில்தான் செல்லும், தனியாரில் காட்டினால் எடுபடாது. நகரத்தில் அறை எடுத்துத் தங்கித் தினமும் போய்வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கெம்பஸ் நிர்வாகத்தில் அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்குங்கள், மாதச் செலவில் நல்ல வித்தியாசம் தெரியும். ரோசா பஸ் வேகமாகப் போகும், ஆனால் கால் நீட்ட இடமில்லை, பெரிய பெட்டி இருந்தால் அதற்கும் ஒரு சீட் காசு கேட்பார்கள். ஏறுவதற்கு முன் பெட்டியைக் காட்டிப் பேசிக்கொள்ளுங்கள். அரைச் சொகுசு என்று முன் கண்ணாடியில் போட்டிருந்தால் சாதாரணக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு எடுப்பார்கள். போர்டைப் பார்க்காமல் ஏறிவிட்டு உள்ளே சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை.

கட்டணத்தை நான் இங்கே எழுதவில்லை, வழக்கமாக ஜூலையில் திருத்துவார்கள், டீசல் விலை ஏறி இறங்கினால் நடுவிலும் மாறும். பொதுவான வழி என்னவென்றால், இருபது, ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகளாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் பஸ்ஸில் ஐயாயிரம் ரூபாய் நோட்டை நீட்டினால் கொண்டக்டர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. டிக்கெட் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள், பரிசோதகர் ஏறினால் கையில் டிக்கெட் இல்லாதவரைத்தான் பிடிப்பார். மிச்சக்காசை "பிறகு தாறன்" என்று சொன்னால் இறங்குவதற்கு இரண்டு ஹோல்ட் முந்தியே ஞாபகப்படுத்துங்கள், இறங்கும் நெரிசலில் அது நடக்காது. கூடுதலாகக் காசு எடுத்தால், வழியில் இறக்கிவிட்டால், பஸ் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955க்கு அழைக்கலாம். டிக்கெட் அப்போதும் உதவும், இலக்கமும் நேரமும் அதிலேயே இருந்துவிடும்.

தங்கச்சிமாருக்குத் தனியாக ஒன்று. நெரிசலான பஸ்ஸில் உரசுகிறவன், கை வைக்கிறவன் இருக்கிறான், இது எல்லா வீதியிலும் இருக்கிற பிரச்சினை. வெட்கப்பட்டுத் தள்ளி நிற்க வேண்டியது நீங்கள் இல்லை. சத்தம் போடுங்கள், பக்கத்தில் இருக்கிற அம்மாவையோ அக்காவையோ கூப்பிடுங்கள், கொண்டக்டரிடம் சொல்லி பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்கள். இது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். பொலிசுக்கு 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். பஸ்ஸில் இருக்கும் தம்பிமாருக்கும் சொல்கிறேன், ஒரு பிள்ளை சத்தம் போட்டால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், எழும்பி வந்து பக்கத்தில் நில்லுங்கள்.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். காலை ஆறரையிலிருந்து எட்டு வரைக்கும், பிறகு பள்ளிக்கூடம் விடும் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரைக்கும் கண்டி நகருக்குள் பஸ் ஊர்ந்துதான் போகும். பரீட்சை நாளில் நகரத்திலிருந்து வருபவர்கள் இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் வியர்த்துக் கொட்டிக்கொண்டுதான் மண்டபத்துக்குள் நுழைவீர்கள். எசல பெரஹரா நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் நாட்களில் பின்னேரத்துக்குப் பிறகு வீதிகளை மூடிவிடுவார்கள், அன்றைக்கு நகருக்குள் போகிற வேலை இருந்தால் மத்தியானத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்திய இரண்டு நாளும் அட்டன் பக்கம் போகிற பஸ்ஸில் வெளியூரில் வேலை செய்கிற தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஏறுவார்கள், கட்டாயம் விடியற்காலையிலேயே கிளம்புங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு நிலைமை வேறு, பஸ்காரர்களே ஊருக்குப் போய்விடுவதால் தனியார் பஸ் ஓரிரண்டு நாளைக்குக் காணக் கிடைக்காது, இ.போ.ச.வை நம்பித்தான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவதானிக்க வேண்டியது கடைசி பஸ். கண்டியிலிருந்து அட்டனுக்கு இருட்டிய பிறகும் பஸ் கிடைக்கலாம், ஆனால் அட்டனிலிருந்து பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கம் உள்ளே இருக்கும் தோட்டங்களுக்குப் போகிற பஸ் பொழுது சாயும்போதே முடிந்துவிடும். அதற்கு மேல் ஓட்டோதான், இரவில் அது ஒரு நாள் கைக்காசு. ஆகவே பின்னாலிருந்து கணக்குப் பாருங்கள்: உங்கள் தோட்டத்துக்குக் கடைசி பஸ் டவுனிலிருந்து எத்தனை மணிக்கு, அதற்கு ஒரு மணித்தியாலம் முந்தி டவுனுக்கு வர வேண்டும், அதற்கும் மூன்றரை மணித்தியாலம் முந்திக் கண்டியில் ஏறுங்கள். பின்னேர விரிவுரை முடித்துவிட்டுப் போவது என்றால் பெரும்பாலும் சரிவராது, அடுத்த நாள் காலையில் போங்கள்.

நுவரெலியாவுக்குப் போகும் வீதி கம்பளை, புஸ்ஸல்லாவை, றம்பொடை வழி. சுமார் எண்பது கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம். கண்டியில் இருந்து கிட்டத்தட்ட ஆயிரத்து நானூறு மீற்றர் மேலே ஏறுகிறீர்கள், கண்டியில் வியர்க்கும், இறங்கும்போது பல் அடிக்கும். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைக்காமல் மடியில் வையுங்கள். தலை சுற்றுகிறவர்கள் பின் ஆசனத்துக்குப் போகவே வேண்டாம், முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவே உட்காருங்கள், போனைப் பார்க்காமல் தூரத்து மலையைப் பாருங்கள், ஒரு தேசிக்காயையும் ஒரு சொப்பின் பேக்கையும் கையில் வையுங்கள். முன் ஆசனங்கள் மதகுருமாருக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஒதுக்கியவை, அவர்கள் ஏறினால் எழும்பிக் கொடுக்க வேண்டும்.

இதே வீதியில்தான் 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கதிர்காமத்திலிருந்து இரவு முழுக்க ஓடிவந்த பஸ், இருக்கைகளை மீறி ஆட்கள் ஏறியிருந்தார்கள். அதனால் சொல்கிறேன், மலை வீதியில் இரவுப் பயணத்தைத் தவிருங்கள், மிதிபலகையில் தொங்காதீர்கள், சாரதி போனில் பேசிக்கொண்டு ஓட்டினால் நான்கு பேர் சேர்ந்து சத்தமாகச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் கேட்காதவர், நான்கு பேர் சொன்னால் போனைக் கீழே வைப்பார்.

மழைக்காலத்தில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவு வந்து வீதிகள் அறுந்தன, எத்தனையோ பிள்ளைகள் ஊருக்குப் போக வழியில்லாமல் தவித்தார்கள். தொடர்ந்து இரண்டு மூன்று நாள் மழை பெய்திருந்தால் கிளம்புவதற்கு முன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்து வீதி திறந்திருக்கிறதா என்று கேளுங்கள், ஊரில் வீட்டாரிடமும் கேளுங்கள். வீதி மூடிய செய்தி கம்பளையில் வைத்துக் கிடைத்தால் மேலே போகிற பஸ்ஸுக்காக நடுவழியில் காத்து நிற்காமல் கண்டிப் பக்கம் திரும்புகிற முதல் பஸ்ஸில் ஏறிவிடுங்கள், கம்பளையிலிருந்து கலஹா சந்திக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம்.