வெளிநாட்டில் டேப்லெட்டுக்கு இன்டர்நெட்: புறப்படும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

வெளிநாட்டில் இறங்கிய பிறகு நெட்டுக்கு வழி தேடலாம் என்று விட்டுவிட்டால், வழி தேடவே நெட் இல்லாமல் நிற்க நேரும். அதனால் கீழே சொல்வதில் பெரும்பகுதியை வீட்டு வைஃபையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

1. முதலில் டேப்லெட்டைப் பாருங்கள்

ஐபேடில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போங்கள். ஆண்ட்ராய்டில் அபௌட் டேப்லெட். அங்கே ஐஎம்இஐ என்ற 15 இலக்க எண் இல்லையென்றால், உங்களுடையது வைஃபை மட்டும் உள்ள மாடல். சிம் போட வழியில்லை. நேராக 4-ஆம் படிக்குப் போய்விடுங்கள்.

ஐஎம்இஐ-யோடு இஐடி என்ற 32 இலக்க எண்ணும் இருந்தால் இ-சிம் (தனி அட்டை இல்லாமல், டேப்லெட்டுக்குள்ளேயே ஏற்றும் சிம்) போடலாம். 2024-ல் வந்த எம்4 ஐபேட் ப்ரோவில் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். ஐபேடில் இன்னொரு வரியையும் பார்த்துவிடுங்கள்: கேரியர் லாக் என்பதற்கு நேரே ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு நிறுவனத்தின் சிம் எதுவும் அதில் ஓடாது.

2. எந்தத் திட்டம்?

சொந்த சிம்மிலேயே ரோமிங் (அந்த நாட்டு நெட்வொர்க்கில் நம் சிம் ஓடுவது) போடலாம், போகும் நாட்டில் சிம் வாங்கலாம், அல்லது பயண இ-சிம் வாங்கலாம். டேப்லெட்டுக்கு நான் சொல்வது பயண இ-சிம்தான். ஏரலோ, நோமாட், யூபிகி போன்றவை விற்கும் திட்டங்களில் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான் இருக்கும், போன் நம்பர் வராது. போனுக்கு அது குறை. டேப்லெட்டுக்கு நஷ்டமே இல்லை.

வாங்கும் முன் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். செல்லுபடிக் காலம் இ-சிம்மை ஏற்றிய நாளிலிருந்து தொடங்குகிறதா, அங்கே நெட்வொர்க் பிடித்த நாளிலிருந்தா? ‘அன்லிமிடெட்’ என்றால், ஒரு நாளைக்கு எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும்?

அங்கேயே சிம் வாங்குவதானால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஆக்டிவேட் செய்ய ஓடிபி வந்தால் ஐபேடில் பார்க்க முடியாது, அதில் சாதாரண எஸ்எம்எஸ் வராது. அதனால் கவுன்டரில் இருப்பவரையே ஆக்டிவேட் செய்யச் சொல்லி, ஏதாவது ஒரு பக்கம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

3. இ-சிம்மை ஏற்றுவது

க்யூஆர் கோடு மெயிலில் வரும். அதைப் போனில் திறந்து வைத்து, டேப்லெட்டின் மொபைல் டேட்டா பகுதியில் இ-சிம் சேர்க்கும் இடத்துக்குப் போய் ஸ்கேன் செய்யுங்கள். பழைய சிம்மும் உள்ளே இருந்தால் அதன் ரோமிங்கை ஆஃப் செய்துவிடுங்கள்; எதிர்பாராத பில் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

இறங்கியதும் புதிய இ-சிம்மைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள். இங்கேதான் பலர் பயந்து நின்றுவிடுகிறார்கள். பயண இ-சிம் பெரும்பாலும் மூன்றாவது நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயரில் இருப்பதால், போன நாட்டில் அதுவும் விருந்தாளிதான். ரோமிங் இல்லாமல் நெட் வராது. முன்பணம் கட்டிய திட்டம் என்பதால், டேட்டா தீர்ந்தால் நின்றுவிடும், அவ்வளவுதான்.

சிக்னல் இருந்தும் நெட் வரவில்லையா? மெயிலில் கொடுத்திருக்கும் ஏபிஎன்-ஐ (நெட்டோடு இணைய செட்டிங்ஸில் போட வேண்டிய பெயர்) எழுத்துப் பிசகாமல் போட்டு, டேப்லெட்டை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கோபத்தில் இ-சிம்மை மட்டும் டெலீட் செய்துவிடாதீர்கள், பல க்யூஆர் கோடுகள் ஒரே ஒரு முறைதான் செல்லும்.

4. வைஃபை மாடல் என்றால்

2-ஆம் படியில் சொன்ன பயண இ-சிம்மைப் போனில் போட்டு, ஹாட்ஸ்பாட் (போனின் நெட்டை வைஃபையாகப் பகிர்வது) கொடுங்கள். திட்டத்தில் ஹாட்ஸ்பாட் அனுமதி உண்டா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு பொறி: டேப்லெட்டுக்கு ஹாட்ஸ்பாட்டும் வைஃபைதான். வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஆப் அப்டேட், போட்டோ பேக்கப் எல்லாவற்றையும் ஆரம்பித்துவிடும். ஐபேடில் அந்த வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள ‘ஐ’ குறியைத் தொட்டு லோ டேட்டா மோடை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் அந்த நெட்வொர்க்கை ‘மீட்டர்டு’ (அளவோடு செலவழிக்க வேண்டியது) என்று மாற்றுங்கள்.

வைஃபை ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. தெருவில் வழி பார்க்கப் போனையே நம்புங்கள்.

5. டேட்டாவைக் காப்பாற்ற

போகும் ஊரின் மேப்பை முன்பே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். வீடியோ தரத்தைக் குறைத்து வையுங்கள். மொபைல் டேட்டா பட்டியலில் தேவையில்லாத ஆப்களை ஆஃப் செய்யுங்கள்.

கப்பல் பயணம் இருந்தால் தனியாகக் கவனியுங்கள். கரையை விட்டு விலகியதும் டேப்லெட் கப்பலிலேயே இருக்கும் சாட்டிலைட் வழி மொபைல் நெட்வொர்க்கைப் பிடிக்கலாம். சாதாரண ரோமிங் திட்டங்களில் அது பெரும்பாலும் சேராது, கட்டணமும் மிக அதிகம். கப்பல் கிளம்பும்போதே ஏரோபிளேன் மோடில் போட்டு, தேவையானால் வைஃபையை மட்டும் ஆன் செய்துகொள்ளுங்கள்.