1380 கோடி ஆண்டுகளை ஒரு கயிற்றில் அளந்து காட்டுவது எப்படி

பேரண்டத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டு என்று சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், ஆனால் மனதில் எதுவும் தங்காது. அதையே நடக்க வைத்தால் தங்கும். அதற்கு 140 மீட்டர் சணல் கயிறு, அளவு நாடா, துணிக்குப் போடும் கிளிப், கொஞ்சம் அட்டை, இவ்வளவு போதும். 1 மீட்டர் என்றால் 10 கோடி ஆண்டு, 1 மில்லிமீட்டர் என்றால் 1 லட்சம் ஆண்டு. மைதானம் சின்னது என்றால் கயிற்றை வளைத்துப் போடலாம்.

அளப்பதை ‘இன்று’ முனையிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் எல்லாக் காலமும் ‘இத்தனை ஆண்டுகளுக்கு முன்’ என்றுதான் கிடைக்கும். கயிற்று முனை பிரிபிரியாக நிற்குமா, மனித இனத்தின் 3 லட்சம் ஆண்டு வெறும் 3 மி.மீ. என்பதால் அதிலேயே காணாமல் போய்விடும், அதனால் கடைசி ஒரு மீட்டருக்கு வெள்ளைத் தாளை நீளமாக வெட்டி ஒட்டி, கூராகச் சீவிய பென்சிலால் குறியுங்கள். 66 செ.மீ.யில் டைனோசர்களை அழித்த, மெக்சிகோவின் யுகாத்தானில் விழுந்த விண்கல். 2.3 மீட்டரில் முதல் டைனோசர்கள், 4.7 பக்கம் நிலத்தில் செடிகள், 5.4-ல் கடலில் விலங்குகள் பெருகிய கேம்பிரியன் காலம்.

அப்புறம் 35 மீட்டர் வரை கிட்டத்தட்ட எல்லாமே நுண்ணுயிர்கள்தான். இந்த இடத்தை அட்டைகளால் நிரப்பாதீர்கள், வெறுமையாகவே விடுங்கள், அதுதான் உண்மை. 35-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பாறைகளில் கிடைத்த உயிர்த்தடம். 24-ல் மட்டும் பெரிய அட்டையாகப் போடுங்கள்: சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் வெளியிட்ட ஆக்சிஜன் காற்றில் சேரத் தொடங்கியது அங்கேதான், நாம் இப்போது மூச்சு விடுவதற்கு வழி போட்டதும் அதுவே. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் இருப்பவர்கள் அந்த மலையின் சார்னோக்கைட் கல் ஒன்றைக் கொண்டுவந்து 25-ல் வைக்கலாம், அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு.

46-ல் சூரியன், அதை ஒட்டியே பூமி. 138-ல் பெருவெடிப்பு. முதல் அணுக்கள் அங்கிருந்து 4 மி.மீ. கூட இல்லை.

சரி, நடக்கும்போது பெருவெடிப்பு முனையிலிருந்து நடத்துங்கள். சூரியன் வரவே 92 மீட்டர் ஆகும். பிள்ளைகள் டைனோசரைப் பார்க்க ஓடத்தான் பார்ப்பார்கள், விடாதீர்கள். ‘இன்று’ முனையிலிருந்து 24-ஆம் மீட்டரில் வைத்த பெரிய அட்டையில் நிறுத்தி, அங்கே ஏன் இத்தனை நீளம் காலியாக இருக்கிறது என்று அவர்களே கேட்கும்வரை பொறுத்திருங்கள்.