எஸ் ஒளிந்திருந்த இடம்

இளங்கலை இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக 18, 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களின் ஸ்கேன் பிரதிகளில் 'சென்ஸ்' (sense) என்ற சொல்லைத் தேடினேன். 1810க்குப் பிந்தைய நூல்களில் கொட்டிக் கிடந்தது. முந்தையவற்றில் ஏறக்குறைய பூஜ்யம். வேறு உலாவி, புதுத் தரவிறக்கம், மறுபடி ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்துகளைப் படித்துத் தேடக்கூடிய உரையாக்கும் மென்பொருள்), எதுவும் எடுபடவில்லை. தலைப்பையே மாற்றிவிடலாமா என்று தோன்றியது.

அப்புறம் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அக்கால அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் சிறிய எஸ் நீளமாக, எஃப் மாதிரியே இருக்கும். குறுக்குக்கோடு மட்டும் தண்டைத் தாண்டி வலப்பக்கம் போகாது. ஓசிஆர் அதை எஃப் என்றே படித்திருந்தது. சொல்லின் கடைசி எஸ் மட்டும் நமக்குப் பழகிய வடிவம், அதனால்தான் சந்தேகமே வரவில்லை.

இரண்டு எஸ்ஸையும் எஃப் ஆக்கி 'fenfe' என்று தேடினேன். வந்து குவிந்தது. ஆனால் 'சேம்' (same) தேடுபவர்கள் கவனம்: 'ஃபேம்' (fame) எல்லாம் கூடவே வரும், பக்கத்தைத் திறந்து பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.