குட்டி இதழ்ப் பட்டறையில் செய்யக் கூடாதவை

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் மாற்றுத்திறனாளிகளோடு எழுத்துப் பட்டறை நடத்தி, ஸீன் என்கிறார்களே, அந்தக் கையால் மடித்துச் செய்யும் குட்டி இதழைப் போட இளசுகள் கிளம்பியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நாங்கள் ஒரு காலத்தில் அடித்த கூத்தையே வரி பிசகாமல் அடிக்கிறார்கள். சாய்தளம், அகலமான கழிப்பறைக் கதவு என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பாமினியில் அடிப்பது

பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் அடிக்கிறார்களே, இன்றைக்கும் எரிச்சல் தருவது அதுதான். பார்வையற்ற அக்கா ஒருவர் சொல்லச் சொல்ல ஒரு பையன் எழுதினான். எல்லைக்கு அப்பால் கேரளத்தில் இருக்கும் பாறசாலையில் மீன் வாங்கினால் மிச்சக் காசை இவரிடம் தராமல் கூட வந்தவர் கையில் திணிக்கிறார்களாம். அதைப் பற்றி, அருமையான கட்டுரை. டிடிபி கடைக்காரர் பழக்கதோஷத்தில் பாமினியில் அடித்துவிட்டார். அச்சில் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் வந்ததும் அக்கா, போன் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் என்ற திரைவாசிப்பானைப் போட்டுக் கேட்டால் ஒரே உளறல். பாமினியில் ‘அம்மா’ என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மேலே தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். போர்வை திரைவாசிப்பானுக்குத் தெரியாது. சொன்ன அக்காவுக்கே கட்டுரை கிடைக்கவில்லை. “அதான் இதழைக் கையில் கொடுத்தோமே” என்று ஒருவர் சொன்னார் பாருங்கள், அதுதான் உச்சம்.

தமிழைத் தமிழாகவே கணினிக்குச் சொல்லும் யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசே 2010-ல் அதைத் தரமாக ஏற்றாயிற்று. மலையாளப் பக்கங்களிலும் எம்எல் என்று தொடங்கும் பழைய எழுத்துருக்கள் வேண்டாம். ஸ்கேன் எடுத்த பிடிஎஃபும் வெறும் படம்தான். யூனிகோடே பிடிஎஃபுக்குள் சில சமயம் சிதறும், அதனால் கட்டுரையை வாட்ஸ்அப்பில் சாதாரணச் செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள்.

ஏ4 தாள்

எட்டாக மடித்து நடுவில் வெட்டினால் 8 பக்கம் வரும், சரி; ஆனால் ஒரு பக்கம் 7.4 செ.மீ. அகலம்தான். பார்வை மங்கியவர்களுக்காக 18 புள்ளி அளவில் எழுத்து வைத்தால் வரிக்கு ஒன்றிரண்டு சொல்தான் நிற்கும். ஏ3 வாங்குங்கள்.

‘ஊனத்தை வென்றேன்’ என்று சாதனைக் கதை எழுதச் சொல்லிக் கேட்பது

கேட்காதீர்கள்.

எழுதிக்கொடுப்பவர் திருத்துவது

‘பைய வா’ என்று சொன்னதை ‘மெதுவாக வாருங்கள்’ ஆக்குகிறவரை டீ வாங்க அனுப்பிவிடுங்கள். எழுதி முடித்ததும் சொன்னவருக்கே வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் தாளை எடுத்துக்கொண்டு எழ வேண்டும்.