அயர்லாந்தின் மரபிசை செஷனில் அமர்ந்து கேட்பது எப்படி

அயர்லாந்தில் மாலை நேரத்தில் ஒரு பப்புக்குள் நுழைந்தால், மூலையில் ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து ஃபிடிலும் மரக்குழலும் அக்கார்டியனும் வாசித்துக்கொண்டிருப்பதைக் காண நேரலாம். இதற்குச் செஷன் என்று பெயர். பொதுவாக மேடையோ நுழைவுச்சீட்டோ இராது. வாசிப்பவர்களில் சிலர் கூடத்துக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முதன்மையாக ஒருவருக்கொருவர் வாசித்துக்கொள்கிறார்கள் என்பதையும், மற்றவர்கள் அருகிலிருந்து கேட்க இடம் பெற்றவர்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்படும் நடைமுறைகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

பப் செஷனைப் பழங்காலத்து வழக்கம் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுவதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. மெட்டுகளில் பல 18, 19 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்றாலும், அவை நெடுங்காலம் வாசிக்கப்பட்டது நாட்டுப்புற வீடுகளின் அடுக்களைகளிலும் நாற்சந்தி நடனங்களிலும்தான். உரிமம் இல்லாத பொது நடனங்களைத் தடுத்த 1935 ஆம் ஆண்டின் நடனக்கூடச் சட்டம், பாதிரியார்களின் எதிர்ப்பு, ஓயாத குடிபெயர்வு ஆகியவை சேர்ந்து அந்த வீட்டு நடனங்களை நலியச் செய்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டட வேலைக்காக லண்டன் சென்ற அயர்லாந்துக்காரர்கள் அங்கிருந்த பப்புகளில் கூடி வாசிக்கத் தொடங்கினார்கள். 1960களில் மரபிசைக்கு ஏற்பட்ட மறுமலர்ச்சியில் அந்தப் பழக்கம் தாய்நாட்டிலும் வேரூன்றியது.

நல்ல செஷனைத் தேடுபவர் டப்ளினின் டெம்பிள் பார் பகுதியோடு நின்றுவிடக் கூடாது. அங்கு மாலைதோறும் ஒலிபெருக்கி வைத்துப் பாடப்படுவதில் பெரும்பகுதி பயணிகளுக்கான நிகழ்ச்சி. அதில் தவறில்லை, ஆனால் அது வேறு வகை. டப்ளினிலேயே லிஃபி ஆற்றுக்கு வடக்கே ஸ்மித்ஃபீல்டில் உள்ள காபிள்ஸ்டோன் என்ற பப் மரபிசைக்குப் பெயர் பெற்றது. அந்த இடத்தில் ஓட்டல் கட்டும் திட்டம் 2021இல் வந்தபோது இசைக்கலைஞர்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள்; மாநகராட்சியும் அத்திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. மேற்கே சென்றால் கிளேர் மாவட்டத்தின் என்னிஸ், டூலின், மில்டவுன் மால்பே ஆகிய ஊர்களும் கால்வே நகரமும் இசைக்குப் புகழ்பெற்றவை. மாவட்டத்துக்கு மாவட்டம் நடையும் மாறும்: கிளேரில் கான்செர்டினா எனும் சிறு கைத்துருத்தி வாத்தியம் ஓங்கி நிற்கும், கெரி–கார்க் எல்லையில் போல்கா எனும் நடன மெட்டுகள் துள்ளும், டோனகாலில் ஃபிடிலின் வில்வீச்சு ஸ்காட்லாந்தின் சாயலைக் கொண்டிருக்கும்.

பெரும்பாலான செஷன்கள் இரவு 9 அல்லது 9.30 மணிக்குத் தொடங்குவதாக அறிவிக்கப்படும்; உண்மையில் அதற்கும் சற்றுப் பிந்தியே சுருதி சேர்க்கத் தொடங்குவார்கள். குழந்தைகளோடு செல்பவர்கள் ஒரு சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்கள் இரவு 9 மணிக்கு மேல், மே முதல் செப்டம்பர் வரை 10 மணிக்கு மேல், பப்பில் இருக்க அனுமதியில்லை. எனவே குடும்பத்தோடு கேட்க விரும்புபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் செஷன்களே ஏற்றவை. மது அருந்தாதவர் தயங்கத் தேவையில்லை. தேநீரோ, குளிர்பானமோ, மதுவற்ற பீரோ கேட்டால் யாரும் புருவம் உயர்த்தமாட்டார்கள். ஆனால் இசை இலவசம் என்பதற்காக ஒன்றும் வாங்காமல் இரவு முழுவதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருப்பது முறையன்று, ஏனெனில் செஷனை நடத்த இரண்டு மூன்று கலைஞர்களுக்குச் சிறுதொகை கொடுப்பவர் பெரும்பாலும் பப்பின் உரிமையாளர்தான்.

உட்காரும் இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் பிசகுகிறார்கள். மூலை மேசையும் அதைச் சுற்றிய நாற்காலிகளும் காலியாகத் தெரிந்தாலும் அவை வாசிப்பவர்களுக்கு உரியவை. தாமதமாக வருகிற குழல்காரர் ஒருவருக்காக அந்த இடம் காத்திருக்கக்கூடும். ஐயமிருந்தால் கவுண்டரில் கேட்டுவிட்டு, இரண்டாம் வரிசையில் அமர்வது நல்லது.

இனிக் கேட்கும் முறை. ஒரு மெட்டு வழக்கமாக இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொரு பகுதியும் எட்டு தாளச்சுற்று (பார்) நீளம், ஒவ்வொன்றும் இரண்டு முறை வாசிக்கப்படும். அந்த முழு மெட்டும் மூன்று முறை வந்தபின், இடைவெளியே விடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். இப்படி இரண்டு மூன்று மெட்டுகள் சேர்ந்தது ஒரு செட். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று முதலில் தோன்றுவது இயல்பு. தாளத்தைப் பிடித்துக்கொண்டால் அந்தக் குழப்பம் தீரும். ரீல் எனும் மெட்டு வகை நான்கு நான்காக ஓடும். ஜிக் என்ற வகை இரண்டு திஸ்ரம், அதாவது இரண்டு மும்மூன்று எண்ணிக்கை. ஸ்லிப் ஜிக் மூன்று திஸ்ரம். அடுத்ததாக, மெட்டு மாறும் நொடியைக் கவனியுங்கள்: முன்னின்று வாசிப்பவர் தலையை நிமிர்த்தி ஒரு பார்வை வீச, எல்லோரும் ஒன்றாகத் திரும்புவார்கள். செஷனின் சுவை பெரிதும் அந்தத் திருப்பத்தில் இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரே மெட்டைத் தத்தம் கமகங்களோடு வாசிப்பார்கள். தனி ஆலாபனையோ, தனி ஆவர்த்தனமோ இல்லை.

மெட்டுகள் ஓடும்போது கூடத்தில் மெல்லப் பேசுவது குற்றமில்லை, பப் அல்லவா? கைதட்டித் தாளம் போடுவதுதான் வாசிப்பவர்களை எரிச்சலூட்டும், ஏனென்றால் கூட்டத்தின் தட்டு பெரும்பாலும் முந்திக்கொண்டோ பிந்தியோ விழும். ஆனால் யாராவது பக்கவாத்தியம் இன்றித் தனியாகப் பாடத் தொடங்கிவிட்டால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. பேச்சு உடனே நிற்க வேண்டும். குவளை வைக்கும் ஓசைகூடக் குறைய வேண்டும். ஷான்-நோஸ் எனப்படும் பழைய பாணிப் பாடகர் கண்களை மூடியபடி பாடுவதும், அருகிலிருப்பவர் அவர் கையைப் பற்றிக்கொள்வதும் உண்டு. புகழ்பெற்ற பாடல் ஒன்றைப் பாடச் சொல்லிக் கேட்பதைத் தவிர்க்கவும். ஒரு செட் முடிந்தபின் அந்த மெட்டின் பெயரைக் கேட்கலாம். பெயர் தெரியாது என்று பதில் வந்தால், அது தட்டிக்கழிப்பு அன்று, பெரும்பாலும் உண்மைதான். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யக் கேட்டால் பொதுவாக இசைவார்கள்; கேட்காமல் முகத்துக்கு நேரே விளக்கடித்துக் காணொளி எடுப்பது மரியாதைக்கேடு. பணம் நீட்டுவதைவிட, அவர்கள் அருந்துவது எது என்று பரிமாறுபவரிடம் கேட்டு ஒரு சுற்று வாங்கி அனுப்புவதே அங்கு வழக்கம்.

வயலினோ, குழலோ தெரிந்த தமிழர்களுக்குச் சேர்ந்து வாசிக்கும் ஆசை எழலாம். கர்நாடக முறையில் சுருதி சேர்த்த வயலின் அங்கு உதவாது. ஜி, டி, ஏ, இ என்று மேலை முறைக்குக் கம்பிகளை மாற்றிக்கொள்ள வேண்டும், ஏனெனில் பெரும்பாலான மெட்டுகள் டி, ஜி ஆகிய சுருதிகளில் அமைந்தவை. இசைத்தாளை விரித்து வைக்காமல், அனுமதி கேட்டு அமர்ந்து, தெரிந்த மெட்டுக்கு மட்டும் சேர்ந்துகொள்ள வேண்டும். தெரியாததற்கு வாத்தியத்தை மடியில் வைத்திருப்பதே நாகரிகம். பௌரான் எனும் ஆட்டுத்தோல் கைப்பறை எளிதென்று எண்ணி வாங்கிக்கொண்டு போய் அமர்வது ஆபத்தான யோசனை. ஒரு செஷனுக்கு ஒரு பௌரானே மிகுதி என்பது பலரின் கருத்து. அதைப் பேனாக்கத்தியால் வாசிப்பதே உத்தமம் என்ற கேலி இசைக்காரர்களிடையே நெடுநாளாக உலவுகிறது.

முறையாகக் கற்க விரும்புபவர், மரபிசையை வளர்க்க 1951இல் முல்லிங்கரில் தோன்றிய கோல்தஸ் அமைப்பின் உள்ளூர்க் கிளையை அணுகலாம். தொடக்கநிலையினருக்காக நிதான வேகச் செஷன்களும் பல ஊர்களில் உண்டு. ஒரே வாரத்தில் நிறையக் கேட்கவும் கற்கவும் வேண்டுமென்றால், துருத்திக்குழல் (இல்லன் பைப்ஸ்) கலைஞர் வில்லி கிளான்சியின் நினைவாக 1973 முதல் ஜூலைத் தொடக்கத்தில் மில்டவுன் மால்பேயில் நடக்கும் கோடைப்பள்ளிக்குச் செல்லலாம். ஊர் மிகச் சிறியது என்பதால், தங்கும் இடத்தைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும்.